சுறாக் கூண்டில் இறங்குமுன்: கான்ஸ்பாயில் பலர் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் கான்ஸ்பாய். கம்பிக் கூண்டுக்குள் நின்று சுறாவைப் பக்கத்தில் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் சுறாக் கூண்டுப் படகுகள் அதை ஒட்டிய கிளைன்பாய் துறையிலிருந்து கிளம்புகின்றன. 'உலகின் வெள்ளைச் சுறாத் தலைநகரம்' என்று பெயர் வாங்கிய ஊர் இது. அந்தப் பழைய பெயரை நம்பிப் பணம் கட்டுவதுதான் இன்று பலர் செய்யும் முதல் தவறு.

2017இல் இந்தக் கரையில் வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் ஈரலைக் காணோம். போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயரிடப்பட்ட இரண்டு ஓர்காக்கள் (கொலைத் திமிங்கிலங்கள்) அந்தப் பக்கம் வேட்டையாடிக்கொண்டிருந்தன. அவை வர ஆரம்பித்த பிறகு வெள்ளைச் சுறாக்கள் நீண்ட காலம் தலைகாட்டாமல் போவது வழக்கமாகிவிட்டது. இப்போது கூண்டருகே வருவது பெரும்பாலும் பிரோன்ஸ் வேலர் (bronze whaler) என்கிற செம்பு நிறச் சுறா. மூன்று மீட்டர் வரை வளரும், வேகமும் அழகும் நிறைந்த மீன். அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டு, 'வெள்ளைச் சுறா வரவில்லையே' என்று முகம் வாடித் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பதிவு செய்யும்போதே, "போன வாரம் என்ன சுறா வந்தது?" என்று நேராகக் கேளுங்கள். ஒன்றுமே வராத நாளில் பணம் திரும்புமா, இன்னொரு பயணம் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வயிறு. படகு ஓடும்போது பலருக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. நங்கூரம் போட்டு, அலையில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிய பிறகுதான் ஆட்டம் தெரியும். அந்த நேரத்தில்தான் மீன் எண்ணெயும் அரைத்த மீனும் கலந்த கரைசலைச் சுறாவை அழைக்கக் கடலில் ஊற்றுவார்கள். அந்த நாற்றமும் டீசல் புகையும் சேர்ந்தால் நல்ல கடலோடிக்கே புரட்டும். குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு போவதும் தப்பு. எண்ணெய் இல்லாமல் கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டால் போதும். தலை சுற்றினால் போன் திரையை விட்டுவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள்.

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆப்பிரிக்கா என்றாலும் தண்ணீர் பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரிதான். தடித்த நீருடை அவர்களே தருவார்கள். ஆனால் வெளியே வந்ததும் ஈரத்தோடு காற்றில் நிற்கத்தான் முடியாது. காய்ந்த துண்டு, காற்றுப் புகாத ஜாக்கெட், குல்லாய் மூன்றும் பையில் இருக்கட்டும்.

நீச்சல் தெரியாது என்று பலர் தயங்குகிறார்கள். கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டியிருக்கும், அதன் மேல்பகுதி தண்ணீருக்கு மேலேயே நிற்கும். சிலிண்டர் எதுவும் கிடையாது. தலை வெளியே இருக்க நின்றுகொண்டிருப்பீர்கள். சுறா நெருங்கும்போது ஊழியர் "டவுன்!" என்று கத்துவார், மூச்சைப் பிடித்து உள்ளே அமிழ வேண்டும். பாதிப்பேர் அப்போது வெளிக்கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. கைக்கும் காலுக்கும் உள்ளே தனிக் கம்பி உண்டு, அதை மட்டும் பிடியுங்கள். கேமராவை நீட்டுகிற கையும் கம்பிக்கு வெளியே போகக்கூடாது.

இன்னொரு சின்ன விஷயம்: மீசை. தண்ணீருக்குள் பார்க்க அணியும் முகமூடியின் ரப்பர் விளிம்பு மீசை மேல் சரியாக ஒட்டாது, தண்ணீர் கசிந்து மூக்குக்குள் ஏறும். மேலுதட்டில் கொஞ்சம் வாசலைன் தடவினால் கசிவு குறையும். நீண்ட முடி உள்ளவர்கள் விளிம்புக்குக் கீழே ஓர் இழைகூடச் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கான்டாக்ட் லென்ஸ் பற்றி முன்பே யோசிப்பது நல்லது.

ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின நாளில் இதை வைக்காதீர்கள். அலை உயர்ந்தால் படகு கிளம்பாது. இரண்டு நாளாவது கையில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், கூண்டுக்குள் நின்று கயிற்றில் ஆடும் மீன் தலையையே எல்லோரும் பார்க்கிறார்கள். சுறா பல நேரம் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும். ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். உங்கள் முறை முடிந்ததும் உள்ளே போய் உட்காராமல் மேல் தளத்துக்கு ஏறுங்கள். கலங்கிய பச்சைத் தண்ணீர் நாளில் கூண்டுக்குள் தெரிவதைவிட அங்கிருந்துதான் சுறாவின் முழு உருவமும் தெரியும்.