பாஸ்பரஸ் ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘சீரம் பாஸ்பரஸ்’ என்ற வரிக்கு எதிரே, பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. வரை இயல்பு என்று பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். வளரும் குழந்தைகளுக்கு இதைவிடக் கூடுதலாக இருப்பதே இயல்பு. சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் அந்த எண் எல்லைக்குள் இருந்தால் ‘நார்மல்தான்’ என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி மடிப்பதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் கால்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கி வெகுகாலம் ஆன பின்பும் பாஸ்பரஸ் இயல்பாகவே காட்டக்கூடும்.

ஏன் அப்படி என்பதை அறிந்துகொண்டால் ரிப்போர்ட் தானாகவே புரியும். ஒரு பெரியவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகிறது, ரத்தத்தில் ஓடுவது மிகச் சிறு பங்குதான். ரத்தத்தில் பாஸ்பரஸ் பாஸ்பேட் என்ற வடிவில் ஓடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் பாஸ்பேட்டில் 80 முதல் 90 சதவீதத்தை அதன் நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் சிறுநீரில் போகிறது. எவ்வளவு உறிஞ்சுவது என்பதை ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. கழுத்தில் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனும் எலும்புச் செல்கள் சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23ம் அந்த உறிஞ்சலைத் தடுத்து, பாஸ்பேட்டை வெளியே தள்ளுகின்றன. குடலில் பாஸ்பேட் உறிஞ்சப்படுவதைக் கூட்டுகிற கால்சிட்ரியால் (செயல்படும் வடிவ வைட்டமின் டி) விஷயத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிர்: முன்னது அதைப் பெருக்கும், பின்னது குறைக்கும்.

சிறுநீரகம் நலியும்போது முதலில் ஏறுவது எஃப்ஜிஎஃப்-23. அதனால் கால்சிட்ரியால் குறைகிறது, அதைத் தொடர்ந்து பாராதைராய்டு ஹார்மோன் உயர்கிறது. இத்தனையும் தோற்ற பிறகே ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுகிறது. ஆகவே கிரியாட்டினின் கூடுதலாக இருந்து பாஸ்பரஸ் மட்டும் ஒழுங்காக இருந்தால், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். பாஸ்பரஸ் காலையில் இறங்கியும் மதியத்துக்கு மேல் ஏறியும் இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் பழைய தாளோடு ஒப்பிட முடியும். எடுத்த ரத்தம் வெகுநேரம் பிரிக்கப்படாமல் கிடந்து சிவப்பணுக்கள் உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும்.

எண் 2.5க்குக் கீழே இருந்தால் கேள்வி வேறு: சிறுநீரகம் பாஸ்பேட்டை ஒழுகவிடுகிறதா? வடிகட்டிய பாஸ்பேட்டில் எத்தனை சதவீதம் சிறுநீரில் போகிறது என்று அறிய, சிறுநீர் பாஸ்பரஸையும் ரத்தக் கிரியாட்டினினையும் பெருக்கி, ரத்தப் பாஸ்பரஸும் சிறுநீர்க் கிரியாட்டினினும் பெருக்கிய தொகையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். சிறுநீர் பாஸ்பரஸ் 40, ரத்தக் கிரியாட்டினின் 0.8, ரத்தப் பாஸ்பரஸ் 1.8, சிறுநீர்க் கிரியாட்டினின் 80 என்றால் விடை 22 சதவீதம். ரத்தத்தில் இவ்வளவு தட்டுப்பாடு இருக்கையில் அது 5 சதவீதத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும், அடங்காவிட்டால் ஒழுக்குதான்.

பாஸ்பரஸைக் குறைக்கச் சொன்னவுடன் மீனை அடியோடு நிறுத்துவது நம் பக்கத்து அவசரம். புரதம் குறைந்து ஆள் மெலிவதுதான் மிச்சம். காசிமேட்டில் வாங்கும் சங்கராவையும் வஞ்சிரத்தையும் அளவோடு உண்ணலாம். முள்ளோடு மென்று விழுங்கும் நெத்திலியையும், உப்பும் சேர்ந்து கெடுக்கும் கருவாட்டையும்தான் ஒதுக்க வேண்டும். முட்டையில் வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் சொற்பம், மஞ்சள் கருவில்தான் மிகுதி. பருப்பில் இருப்பதில் பாதிகூடக் குடலில் ஏறுவதில்லை. உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்போ பெரும்பாலும் முழுமையாக ஏறிவிடும். கோலா பானம், பாக்கெட் சீஸ், உறையவைத்த இறால் ஆகியவற்றின் உறையில் பாஸ்பேட் சேர்ப்பைக் குறிக்கும் 338 முதல் 341 வரையோ 450 முதல் 452 வரையோ எண்கள் இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். கடையில் வெறும் ஐஸில் போட்ட மீனுக்கு இந்தக் குற்றம் கிடையாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலும் போதாது. அதற்காகவே செவலமர், கால்சியம் அசிடேட் போன்ற மாத்திரைகளை எழுதித் தருகிறார்கள். அவை குடலில் உணவின் பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுபவை. எனவே சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பெரிய பயன் இல்லை. மாலையில் வெளியே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போகிறவர், அந்த வேளைக்கு உரிய மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்வது நல்லது.