வீதியோரம் நினைவுச் சிலை வார்ப்பவர்களுக்கு

அமெரிக்க முன்னோடிக் குடியேறிப் பெண்களுக்கு 1928–29இல் நெடுஞ்சாலை ஓரங்களில் நிறுவிய 12 சிலைகளும் செதுக்கியவை அல்ல. கல்தூளும் சீமெந்தும் கலந்து வார்த்தவை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காடு வெட்டிக் கழனி ஆக்கிய நம் பெண்களுக்குச் சிலை வைப்பதானாலும் இந்த முறையே தோது.

முதலில் வீதி எல்லையை அளந்து, அனுமதியை எழுத்தில் எடுங்கள். வீதி அகலிக்க வந்தால் முதலில் இடிபடுவது சிலைதான்.

கலவைப் பங்கு: சீமெந்து 1, ஆற்று மணல் 1½, சிறுசல்லி 3. கடல் மணல் கூடவே கூடாது: உப்புப் பட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கம்பிக்கு வெளியே 2 அங்குலக் கொங்கிரீட் கனம் விடுங்கள். விரல், முந்தானை நுனியில் அது கிடைக்காது. கையை உடலோடு ஒட்டியே வார்த்துவிடுங்கள். பிறகு ஈரச்சாக்கால் மூடிவையுங்கள், குறைந்தது 7 நாள். பெயர்களுக்குப் பெயின்ற் வேண்டாம், கருங்கல்லில் வெட்டுங்கள்.