குழந்தை கையில் ஃபிலிம் கேமரா: முகம் எடுக்கப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது. ஆனித் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பாளையங்கோட்டை வீட்டில் கூடியிருந்தபோது, வீட்டிலிருந்த பழைய ஃபிலிம் கேமராவை அவள் கையில் கொடுத்தேன். நெல்லையப்பர் தேர் பார்த்துவிட்டு வந்த களைப்போடு ஆச்சி, பெரியப்பா, சித்தி என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்தாள். 36 படத்து ரோலில், படத்தை எண்ணும் கவுண்டர் 36-ஐத் தாண்டி 38-க்குப் போனது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபிலிமின் நுனி உள்ளே சுருளில் மாட்டவே இல்லை. ஒரு முகம்கூடப் பதியவில்லை. "ஆச்சியை மறுபடியும் உட்காரச் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஃபிலிம் மாட்டுவது என் வேலை. அதை அரைகுறையாகச் செய்துவிட்டு, அவள் வேலையில் தலையிட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் கிட்டப் போ", "இப்ப அமுக்கு", "சித்தி, சிரிங்க" என்று நாள் முழுக்க என் குரல்தான். குழந்தைக்குப் படமெடுக்கச் சொல்லித்தரும் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஃபிலிம், வெளிச்சக் கணக்கு, கேமராவின் பின்மூடி எல்லாம் பெரியவர் பொறுப்பு. யாரை எடுப்பது, எங்கே நிற்பது, எந்த நொடியில் அமுக்குவது என்பதெல்லாம் பிள்ளையின் பொறுப்பு.

முதலில் நம் பங்கு. நுனியைச் சுருளின் இடுக்கில் செருகி, பக்கத்து ஓட்டைகள் பற்களில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மூடுங்கள். ஃபிலிமைத் திரும்பச் சுற்ற உதவும் ரீவைண்டு பிடியை மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் லீவரை இழுக்கும்போது அந்தப் பிடி தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது, சுற்றாவிட்டால் நகரவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இதைக் கவனிக்கப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். அது அவர்களுக்கு விளையாட்டு மாதிரிப் பிடித்துவிடும். பின்மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். எடுத்த படத்தைப் பார்க்கும் ஆசையில் நடுவில் திறந்துவிடும் பிள்ளைகள் நிறைய, அப்படித் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படங்கள் போய்விடும். ரோல் முடிந்ததும் அடியிலுள்ள பொத்தானை அமுக்கி முழுதாகச் சுற்றி எடுத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஃபிலிம் எவ்வளவு வெளிச்சம் கேட்கும் என்பதைச் சொல்லும் எண் ஐ.எஸ்.ஓ.; 200 ஃபிலிமைப் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஓ. திருகை 400-லேயே விட்டுவிடுவது இன்னொரு மறதி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ரோலை வைத்துவிட்டுப் போவதும் கூடாது.

குழந்தையிடம் எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது), ஷட்டர் வேகம், ஃபோகஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்வது பெரிய தவறு. நான் இப்போது எண்களை நானே வைத்துவிடுகிறேன். 400 ஃபிலிம், வானம் நன்றாகத் தெரியும் திண்ணை நிழல் என்றால் ஷட்டர் 125 (அதாவது நொடியில் 125-இல் ஒரு பங்கு), எஃப் 8. திண்ணை உள்ளொடுங்கி இருந்தால் எஃப் 5.6. கலர் நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கொஞ்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் படம் சேறுபோலக் கலங்கிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டியே வையுங்கள், எஃப் 8-க்குப் பதில் 5.6 என்பதுபோல. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் உள்ள கேமராவில் வெள்ளையடித்த சுவரை நம்பி அளந்தால் முகம் கறுத்துப்போகும். முகத்துக்குக் கிட்டே போய் அளந்துவிட்டுத் திரும்பி வருவதே சரி.

ஃபோகஸுக்கு என்னிடம் ஒரு நூல் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸை 1.5 மீட்டரில் நிறுத்திவிட்டு, அதே நீளத்துக்கு ஒரு நூலைக் கேமராவில் கட்டிவிட்டேன். நூலின் மறுமுனை ஆச்சியின் கன்னத்தருகே வந்ததும் நூலை விட்டுவிட்டு எடுக்கலாம். எஃப் 8-இல் அந்தத் தூரத்துக்கு 40 செ.மீ. ஆழத்துக்கு மேல் தெளிவாக விழும்; பிள்ளை கொஞ்சம் முன்னே பின்னே ஆடினாலும் கண் தப்பாது. பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று எஃப் 1.8-ஐத் திறந்து கொடுத்தால் ஆழம் 10 செ.மீ.கூட இருக்காது. மூக்கு தெளிவாகவும் கண் கலங்கியும் வந்த படத்தைப் பார்த்துக் குழந்தை மனம் உடைவதற்கு அதுதான் வழி. ஃபோகஸ் திருப்ப வசதியில்லாத சின்னக் கேமரா என்றால் நாலடிக்குள் போகக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவற்றில் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. விரல் லென்ஸை மறைத்தாலும் ஜன்னலில் தெரியாது. கிட்டப் போனால் தலை வெட்டுப்படும்.

உயரம்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெரியவரை நிற்கவைத்துவிட்டு, பிள்ளையை நாற்காலியில் ஏற்றிவிடுவார்கள். கனமான கேமராவோடு அது நாற்காலியில் தள்ளாடும், படமும் ஆடும். ஏற்றாமல் விட்டால் கீழிருந்து மூக்குத் துளைதான் தெரியும். நம் தெருக்களில் திண்ணை இருக்கிறதே! திண்ணையில் உட்கார்ந்த ஆச்சியின் கண்ணும் தெருவில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டம். மேலே கூரை, எதிரே திறந்த தெரு என்பதால் வெளிச்சமும் முகத்தில் சீராக விழும். நடுப்பகல் முற்றத்தில் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுப்புப் பள்ளமாகிவிடும். ஒரு கன்னம் இருண்டிருந்தால் துவைத்த வெள்ளை வேட்டியை மடித்து அந்தப் பக்கம் யாராவது பிடிக்கலாம்.

"சிரிங்க" என்று சொல்லக் கற்றுக்கொடுக்காதீர்கள். கேமராவைக் கண்டதும் நம் பெரியவர்கள் ரேஷன் கார்டுப் படத்துக்கு உட்காருவதுபோல விறைத்துவிடுவார்கள். "சிரிங்க" என்றதும் அந்த விறைப்பு இன்னும் கூடும். கைக்கு வேலை இருந்தால் முகம் தானாக இளகும். ஆச்சி சின்ன உரலில் வெற்றிலை இடிக்கட்டும். பத்தமடையில் உறவினர் இருந்தால் கோரைப்பாய்த் தறியருகே போகலாம். பேத்தி ஏதாவது கேட்பாள், ஆச்சி நிமிர்ந்து பதில் சொல்வாள். அந்த நிமிர்வைப் பிடிப்பது பிள்ளையின் சாமர்த்தியம். நாம் பக்கத்தில் நின்று "இப்ப, இப்ப" என்றால் அது கெடும். நான் இப்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

வெளியாட்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுக்கப் பழக்க வேண்டும். "எடுக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே கேமரா கண்ணுக்குப் போக வேண்டும். குறுக்குத்துறைப் படித்துறையில் குளிப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. இதில் வயதுக்குச் சலுகை கிடையாது.

பிள்ளைகள் முகத்தையே பார்ப்பார்கள், ஓரத்தைப் பார்க்க மாட்டார்கள். பின்னாலிருக்கும் பச்சைக் குடமும் தலையிலிருந்து முளைத்த மின்கம்பமும் படம் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். அமுக்குமுன் கண்ணால் நான்கு மூலையையும் ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்லுங்கள். ஃபிலிம் போடாத கேமராவில் ஒரு வாரம் இதைப் பழகினால் போதும்; மூச்சை விட்டுக்கொண்டே பொத்தானை மெல்ல அமுக்கும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும்.

ஒரு ரோலை ஒரே நாளில் தீர்க்க விடாதீர்கள். ரோல் விலை, கழுவும் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு படத்துக்கு 30 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தக் கணக்கைக் குழந்தை காதில் போட்டால் கை நடுங்கும், அதனால் சொல்லாமல் "ஒரு நாளைக்கு நாலு முகம்" என்று மட்டும் வையுங்கள். ஒரு நோட்டில் படத்தின் எண், யார், எந்த இடம், வெயிலா நிழலா என்று அவளே எழுதட்டும். ரோலைக் கூரியரில் அனுப்பிப் படம் வருவதற்குள் எதை எப்படி எடுத்தோம் என்பது பெரியவர்களுக்கே மறந்துவிடும். ஸ்கேன் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல், நெகட்டிவையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

படங்கள் வந்ததும் "இது நல்லாயிருக்கு, இது வீண்" என்று நாம் பிரித்துவைக்கக் கூடாது. இரண்டாவது ரோலில் ஆச்சியின் முகம் பாதி நிழலில், கொஞ்சம் ஆடிப்போய் ஒரு படம் வந்தது. நான் ஒதுக்கியிருப்பேன். அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். பாக்கு இடிக்கும்போது ஆச்சி இப்படித்தான் உதட்டை மடிப்பாள் என்றாள். அதையே இரண்டு பிரதி போட்டோம், ஒன்று ஆச்சிக்கு.