குழந்தையின் இருமலுக்கும் காதுவலிக்கும் அமிலம்தான் காரணமா?

"கக்கின பிள்ளை தக்கும்" என்று பாட்டிமார் சொல்வது பெரும்பாலும் சரி. கைக்குழந்தைக்கு உணவுக்குழாயின் அடிவாய் இன்னும் இறுகியிருக்காது, குடித்த பால் வயிற்று அமிலத்தோடு மேலே வரத்தான் செய்யும். நாலு மாத வாக்கில் அதிகமாக இருந்து, 12 முதல் 18 மாதத்துக்குள் அநேகமாக நின்றுவிடும். எடை ஏறி, பிள்ளை சிரித்து விளையாடினால் மருந்தே வேண்டாம்.

ஆனாலும் பலர் அமிலம் குறைக்கும் சிரப்பை வாங்கிக் கொடுக்கிறார்கள். அது பால் மேலே வருவதை நிறுத்தாது, அதன் புளிப்பை மட்டும்தான் குறைக்கும். கிருமிகளைக் கொல்வதே வயிற்று அமிலம்தான். அது குறைந்தால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வர வாய்ப்பு கூடும்.

அடுத்த தவறு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளையின் இருமல், குரல் கம்மல், காதில் நீர் என எல்லாவற்றுக்கும் அமிலத்தின் மேல் பழி போடுவது. நடுக்காதில் தேங்கிய நீரில், இரைப்பையில் சுரக்கும் பெப்சின் என்ற செரிமான நொதியை ஆய்வாளர்கள் கண்டது உண்மை. அதற்காக, அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்தால் காது சரியாகிவிடும் என்று நிரூபணமாகவில்லை. அடிக்கடி பிடிக்கும் சளி, அலர்ஜி, மூக்குக்குப் பின்னால் வீங்கிய அடினாய்டு சதை, கத்திக் கத்திக் குரல்நாணில் விழுந்த காய்ப்பு, இவைதான் பெரும்பாலும் காரணம். நெஞ்செரிச்சல் போன்ற அறிகுறி இல்லாமல் வெறும் இருமலுக்கு இந்த மருந்துகள் வேண்டாம் என்றே ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கங்கள் 2018இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. குரல் கம்மல் ஒரு மாதம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைக் கேமரா வைத்துப் பார்க்கட்டும். மாதக்கணக்கில் சிரப் கொடுத்துக் காத்திருந்தால், உண்மையான காரணம் அப்படியே கிடக்கும்.

பால் கக்குகிறது என்று குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதும், தலைக்குத் தலையணை வைப்பதும் ஆபத்து. தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் அபாயம் கூடும். தட்டையான படுக்கையில் மல்லாக்கத்தான் போட வேண்டும். படுக்க வைத்தபடி பாட்டிலில் பால் புகட்டவும் கூடாது. குழந்தைக்குத் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் குட்டை, படுக்கைவாட்டமும் கூட. பால் அந்த வழியே காதுக்கு ஏறலாம். அப்புறம், மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாக மாறும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பச்சை நிறத்தில் வாந்தி, வாந்தியில் ரத்தம், மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், பிறந்து சில வாரத்தில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி: இவற்றில் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.