மொட்டை மாடியில் ஒரு குட்டி ஆலமரம்

மரத்தைத் தொட்டியில் குட்டியாகவே வளர்க்கும் போன்சாய்க்கு ஆலங்கன்றை நர்சரியில் காசு கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன். மழை ஓய்ந்ததும் சென்னையில் எந்தப் பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். காக்கை எச்சத்தில் விழுந்த விதையிலிருந்து ஆலோ அரசோ முளைத்து நிற்கும். விரிசலில் நெருக்குண்டு வளர்ந்த கன்றுக்கு அடிமரம் பருத்து, வளைந்து, இப்போதே வயசான களை வந்திருக்கும். நர்சரிக் கன்றில் அதைக் கொண்டுவர வருஷக்கணக்காகும்.

சுவரை உடைக்காமல் முழு வேரும் வராது. பரவாயில்லை, அடிமரத்தோடு ஒரு சாண் வேர் வந்தால் போதும். மேல்பகுதியில் பாதிக்குக் குறைவாகவே நிற்கும்படி வெட்டிவிடுங்கள். இலைகளை எடுத்துவிட்டு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வெட்டுவாயில் பால் வடியும். பழைய சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தக் கறை போகவே போகாது.

துளிர்த்ததும் ஆழமில்லாத அழகான தட்டுத் தொட்டிக்கு மாற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். தட்டுக்குப் போய்விட்டால் அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். வேண்டிய பருமன் வரும்வரை பெரிய தொட்டியிலேயே இஷ்டத்துக்கு வளரட்டும்.

தட்டுக்கான கலவையில் செம்மண் வேண்டாம். செங்கல்லை உடைத்துச் சலித்து, தூளைத் தள்ளிவிட்டு, மிளகு பருமனில் உள்ளதை மட்டும் இரண்டு பங்கு எடுங்கள். பருமணல் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் உடனே கீழே வர வேண்டும்.

ஆலுக்கு வெயில்தான் உயிர். விருந்தாளிக்குக் காட்ட ஒரு நாள் வரவேற்பறையில் வைத்தால் குற்றமில்லை. அங்கேயே குடிவைத்தால் இலை உதிர்க்கும். கத்திரி வெயிலில் மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். சுடும் தளத்தில் தட்டை நேராக வைத்தால் வேர் வெந்துபோகும், ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தட்டின் ஒரு பக்கம் அரைச் செங்கல்லைச் சொருகிச் சாய்த்துவிட்டால் நீர் வடிந்துவிடும்.

இலை பெரிசாயிற்றே என்பார்கள். பங்குனி வாக்கில், மரம் நல்ல தெம்பாக இருக்கும்போது, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கத்தரியுங்கள். கிளை நுனி மொட்டையும் கிள்ளுங்கள். காம்பு தானே உதிரும், வருகிற இலை சிறுக்கும். அந்த வருஷம் தொட்டி மாற்றிய மரத்துக்கு இதைச் செய்யக்கூடாது. தொட்டி மாற்றுவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி மழையில், மூன்றில் ஒரு பங்கு வேரைக் கழித்து.

விழுதுதான் எனக்குப் பிடித்த வேலை. அடையாறு ஆலமரத்தின் நடுமரம் 1989இல் புயல்காற்றில் சாய்ந்தது. இன்றும் அந்த மரம் நிற்பது விழுதுகளின் பலத்தில்தான். தட்டிலும் அதைச் செய்யலாம். மழைக்காலத்தில் கிளையின் அடியில் நூல் போல, வெள்ளை நுனியோடு விழுது எட்டிப்பார்க்கும். காற்று காய்ந்ததும் அந்த நுனி கருகிவிடும், அதனால் உடனே கவனிக்க வேண்டும். இளநீர்க் கடை ஸ்ட்ராவை நெடுகக் கீறி, விழுதை உள்ளே விட்டு, ஈரமான நார்க்கழிவை அடைத்து, கீழ்நுனியை மண்ணில் ஊன்றுங்கள். ஸ்ட்ரா காயாமல் சொட்டு நீர் விட்டுவந்தால் விழுது மண்ணைத் தொடும். தொட்ட பிறகு அது பருக்கும் வேகத்தைப் பார்க்கவேண்டுமே! நல்லதாக இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூண்டு மாதிரி ஆகிவிடும்.

கிளையில் சுற்றி வளைக்க அலுமினியக் கம்பி போதும். மழைக்காலத்தில் கிளை வேகமாகப் பருக்கும். வாராவாரம் பார்த்து, கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கியதும் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றியதைப் பிரிக்கப்போனால் கிளை முறியும். உரத்துக்கு, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தெளிவை நன்றாக நீர்க்க ஊற்றினால் போதும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.