சொத்தைப் பல்லா? முதலில் பெரியவர்கள் வாயைத் திறங்கள்

பல்லைச் சொத்தையாக்குவதில் முக்கியமான பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். பெரும்பாலும் அது வீட்டாரின் எச்சில் வழியாக, அதிலும் அம்மாவிடமிருந்து, குழந்தைக்கு வந்து சேர்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே பெரியவர்கள் பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைகளை அடைத்துவிடுங்கள். அடைக்காத குழி இந்தக் கிருமியின் கிடங்கு. ஃபின்லாந்தில் 3 மாதக் குழந்தைகளின் அம்மாக்கள் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு) சூயிங்கம் மென்றுவந்தார்கள். 2 வயதில் அந்தக் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்தினரிடமே இந்த பாக்டீரியா இருந்தது. அதற்குப் பதில் பல் மருத்துவரிடம் ஃபுளோரைடு பூச்சு பெற்ற அம்மாக்களின் குழந்தைகளில் சுமார் 29 சதவீதம். மென்றது அம்மா, பலன் பிள்ளைக்கு! (வீட்டில் நாய் இருந்தால் அந்த கம் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. சைலிட்டால் நாய்க்கு விஷம்.)

2. குழந்தைக்குத் தனிக் கரண்டி. பாலின் சூட்டைப் புறங்கையில் சொட்டு விட்டுப் பாருங்கள், நாக்கில் வேண்டாம். கீழே விழுந்த நிப்பிளை வாயில் சப்பித் துடைத்துக் கொடுக்காமல் தண்ணீரில் கழுவுங்கள். கடலை மிட்டாயைக் காக்காய்க் கடி கடித்துக் கொடுப்பவர்கள் துணியை மறக்காமல் இருந்தால் சரி. இதற்காகப் பாட்டியோடு சண்டை வேண்டாம். கொஞ்சுகிற வீட்டில் எச்சிலை முழுக்கத் தடுக்க யாராலும் முடியாது.

3. நம்மால் முடிகிற இடம் இதுதான்: இனிப்பு. சர்க்கரை கிடைத்தால்தான் பாக்டீரியா அமிலம் சுரக்கும். பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு, கழுவிவிட ஆளில்லை. எனவே சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

4. முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்குங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசை, 3 வயது வரை அரிசி மணி அளவு. பிறகு பட்டாணி அளவு. இரவுத் துலக்கலுக்குப் பின் தண்ணீர் மட்டும்.

5. மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டிய பகுதியைத் துணியால் ஈரம் ஒற்றிவிட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போல மங்கிய வெள்ளை தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் ஃபுளோரைடு பூச்சால் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். "விழுகிற பால் பல்தானே" என்று யார் சொன்னாலும் சரி.