பழைய கம்ப்யூட்டர்ல பவர் சப்ளை மாத்துறீங்களா? முதல்ல பின்அவுட் (எந்தப் பின்ல எந்த ஒயர்ங்கிற வரிசை) பாருங்க

போன மாசம் காராங் கூனி (பழைய சாமான் வாங்கி விக்கிற) ஆள்கிட்ட 1999 வாக்குல வந்த டெஸ்க்டாப் ஒண்ணு வாங்கினேன், பவர் சப்ளை செத்துக் கிடந்துச்சு, வேற மெஷின்ல கழட்டுனது கையில இருந்ததால மாட்டுனேன், 20 பின் பிளக் கச்சிதமா உக்காந்துச்சு, சுவிட்சைப் போட்டதும் கருகுன வாடை. போர்டு போயிடுச்சு, இன்னும் மனசு ஆறல. அந்தக் காலத்துல சில கம்பெனிங்க ஏடிஎக்ஸ்ங்கிற பொதுத் தரத்தோட பிளக்கை அப்படியே வச்சுக்கிட்டு ஒயர் வரிசையை மட்டும் மாத்தி வச்சிருக்காங்க, 3.3 வோல்ட் தனியா ஒரு 6 பின் பிளக்குல வரும்.

முதல்ல கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டு, பழைய சப்ளை, மாட்டப்போற சப்ளை ரெண்டோட பிளக்குக்கும் 1லேர்ந்து 20 வரை பேப்பர்ல கட்டம் போடுங்க. நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்: ஒயர் பக்கம் பார்த்தா ஒரு வரிசை, வாய்ப் பக்கம் பார்த்தா இடம் வலமாயிடும். ரெண்டையும் ஒயர் பக்கமே பாருங்க. சரியான ஏடிஎக்ஸ்னா கிளிப் இருக்கிற வரிசையில பச்சை ஒயர் இருக்கும், அது 14.

அடுத்து மல்டிமீட்டர், ஓம்ஸ் அளவுல வச்சுக்கோங்க. ஒரு முனையை சப்ளையோட இரும்புப் பெட்டியில வச்சு, இன்னொண்ணால ஒவ்வொரு பின்னா தொடுங்க, 0க்கு பக்கத்துல காட்டுனா கிரவுண்ட். ஏடிஎக்ஸ்ல 3, 5, 7, 13, 15, 16, 17. பழைய சப்ளை செத்திருந்தாலும் கவலையில்ல, ஹார்டிஸ்க் பிளக்கோட சிவப்புலேர்ந்து தேடுனா 5 வோல்ட் பின் எல்லாம் கிடைச்சிடும், மஞ்சள்லேர்ந்து 12. ஒரு பின் ஒத்துவரலேன்னாலும் மாட்டாதீங்க.

அப்புறம்தான் கரண்ட். பின்னாடி சிவப்பு சுவிட்ச் 230ல இருக்கான்னு பாருங்க, நம்ம சிங்கப்பூர்ல 115ல விட்டா சப்ளையே போயிடும். போர்டுல மாட்டாம, ஒரு பழைய ஹார்டிஸ்க்கை மட்டும் மாட்டி, பச்சையையும் கருப்பையும் ஒயரால இணைச்சு அளங்க, 5 வோல்ட்டுன்னா 4.75லேர்ந்து 5.25க்குள்ள வரணும். சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீங்க, பிடுங்கினப்புறமும் கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

அதுக்கும் முந்துன ஏடி மெஷின்னா ரெண்டு 6 பின் பிளக் இருக்கும், மாட்டுறப்போ கருப்பு ஒயர் எல்லாம் நடுவுல ஒண்ணா சேரணும்.

வரிசை வேறயா இருந்தா பின்னைக் கழட்டி இடம் மாத்தலாம், அதுக்கான சின்ன டூல் எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற சிம் லிம் டவர் பக்கம் கேட்டுப் பாருங்க, மாத்துனதும் மறுபடி 20 பின்னையும் அளந்துட்டுத்தான் போர்டுல குத்தணும்.